கொடுத்த கை திரும்பிப் பார்க்கட்டும்

என் பிள்ளைகளே,

உங்களில் பலர் நாற்பது வயதைத் தொடும் முன்பே, எங்கள் தலைமுறை எண்ணிப் பாராத பொருளை ஈட்டிவிட்டீர்கள். அதில் ஒரு பங்கு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பும் உங்களுக்குத் தானாகவே வந்திருக்கிறது. அந்த நினைப்பைக் கண்டு மனம் நிறைகிறேன். எப்படிக் கொடுத்தால் அது பலிக்கும் என்று கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். அறக்கட்டளைகளின் கூட்ட அறைகளிலும், அவற்றின் பணம் போய்ச் சேரும் ஊர்களிலும் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அதனால் நான் உறுதியாக நம்பும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசோலையில் கையெழுத்திடும் நாளில் தர்மம் தொடங்க மட்டுமே செய்கிறது. பின்வரும் ஆண்டுகளில் கொடுத்தவர் எத்தனை முறை திரும்பிப் போய்ப் பார்த்தார், பார்த்ததைக் கொண்டு தம் வழியை எவ்வளவு மாற்றிக்கொண்டார் என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குப் போனவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. உயிர் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இழந்திருந்தும், பிறர் உடுத்திக் கழித்ததை எடுத்துக் கட்ட அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. அடுத்து வந்தவை படகுகள். கண்ணாடியிழைப் படகுகளைத் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வழங்கின. சில கடற்கரைகளில் சுனாமிக்கு முன்பிருந்ததைவிடக் கூடுதலான படகுகள் நின்றன. கடல் அதே கடல், மீன் அதே மீன். ஆனால் சொந்தப் படகு இல்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போனவர்களும், கூடை சுமந்து மீன் விற்ற பெண்களும், உப்பேறிய வயல்களில் கூலி வேலை பார்த்தவர்களும் உதவிப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். கொடுத்தவர்களின் நெஞ்சில் ஈரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அழிந்தது எது என்று பார்த்தார்கள். அழிந்ததற்கு முன்னும் யாரிடம் எதுவுமே இல்லாமல் இருந்தது என்று விசாரிக்க அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு, கொடுப்பதைக் குறை என்று பொருள் கொள்ளாதீர்கள். யாருக்கு எது எவ்வளவு குறைகிறது என்று முதலில் அளந்து பார் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

தென் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றுக்கு ஒரு நிறுவனத்தார் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். பந்தல், மேடை, பொன்னாடை எல்லாம் முறையாக நடந்தன. அடுத்த ஆண்டு இயந்திரத்தின் வடிகட்டி அடைத்துக்கொண்டது. அதை மாற்றப் பள்ளியில் எந்தக் கணக்குத் தலைப்பிலும் பணம் இல்லை. கொடுத்த நிறுவனத்திலோ, அந்தத் திட்டம் முடிந்துவிட்டதாகக் கோப்பை மூடிவிட்டார்கள். நான் போனபோது பிள்ளைகள் மறுபடியும் அடிகுழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் மேல் பழைய பதிவேடுகள் அடுக்கியிருந்தன. "ஐயா, வருஷத்துக்கு ஒருத்தராவது வந்து எட்டிப் பார்த்திருந்தா இது இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்" என்றார் தலைமையாசிரியை. அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை, வருத்தம் மட்டுமே இருந்தது. ஒரு பொருளைக் கொடுக்க முடிவு செய்யும் அன்றே, ஐந்தாண்டுக்கு அதைப் பராமரிக்க என்ன ஆகும், யார் பொறுப்பு என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தப் பொருளைக் கொடுக்காதீர்கள்.

கொடுத்ததைத் திரும்பிப் பார்ப்பது என்றால் என்ன என்பதை வங்கதேசத்தில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஃபஸ்லே ஹசன் ஆபேத் கணக்காளராகப் பயின்றவர். ஷெல் நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர். 1970-ஆம் ஆண்டுப் பெரும்புயல் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனதை அருகிலிருந்து கண்டார். அடுத்த ஆண்டு விடுதலைப் போர் வந்தது. போர் முடிந்ததும் லண்டனில் தமக்கிருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தோடு ஊர் திரும்பி, 1972-இல் அகதிகளின் மறுவாழ்வுக்காகத் தொடங்கிய அமைப்பே பிராக். அந்நாளில் அங்கே குழந்தைகளை வாரிக் கொண்டுபோன நோய்களில் ஒன்று வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தாலே பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம் என்பதை டாக்காவிலும் கொல்கத்தாவிலும் மருத்துவர்கள் முன்பே நிரூபித்திருந்தார்கள். மருந்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது. கோடிக்கணக்கான குடிசைகளுக்கு அதை யார் கொண்டுபோவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

கலவைப் பொட்டலங்களைத் தயாரித்து விநியோகிக்க ஆபேத் முனையவில்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் இருப்பதைக் கொண்டே கரைசல் செய்யத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்தார். 1979-இல் சில்ஹெட் பகுதியின் சுல்லாவில் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். இதில் ஓர் ஆபத்தும் இருந்தது. உப்பு கூடிப்போனால் கரைசலே குழந்தைக்குக் கேடாகிவிடும். ஆகவே, கற்றுக்கொடுத்தோம் என்று எழுதி வைத்தால் போதாது. தாய் கற்றுக்கொண்டாளா என்று தெரிந்தாக வேண்டும். பயிற்சி கொடுத்த பெண்கள் ஊரை விட்டுப் போன சில வாரங்களில் வேறு ஆட்கள் வந்தார்கள். முன்னறிவிப்பின்றிச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தாயையே கரைசல் செய்து காட்டச் சொன்னார்கள். செய்ததை ஆய்வகத்தில் சோதித்தார்கள். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாரோ அதைப் பொறுத்தே, கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு ஊதியம்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் அவர்கள் கண்டது ஏமாற்றமே. தாய்மார்களுக்குக் கரைசல் செய்யத் தெரிந்திருந்தது. ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது பத்தில் ஒருவர்கூட அதைக் கொடுக்கவில்லை. வேறொருவராக இருந்தால், இத்தனை இலட்சம் பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று அறிக்கை அச்சிட்டு மகிழ்ந்திருப்பார். இவர்களோ காரணத்தைத் தேடிப் போனார்கள். கற்றுக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரையைத் தேடினார்கள். வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லாததால் அவர்களுக்கும் மனத்தாங்கல். பிறகு அந்தப் பணியாளர்களை டாக்கா ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், துவண்டு வந்த குழந்தைகள் இந்த நீரைக் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் காணச் செய்தார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பயன்பாடு படிப்படியாக ஏறியது. பத்தாண்டுக் காலம் விடாமல் நடந்து, 1990 வாக்கில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அடைந்தார்கள். வயிற்றுப்போக்குக்கு இந்தக் கரைசலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளின் வரிசையில் இன்று வங்கதேசம் முன்னணியில் நிற்கிறது.

இந்தக் கதையில் எந்தச் செலவு எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று எண்ணிப் பாருங்கள். உப்புக்கும் வெல்லத்துக்கும் ஆன செலவை அந்தத் தாய்மார்களே ஏற்றார்கள். வீடு வீடாகத் திரும்பிப் போய்ச் சோதித்தவர்களின் சம்பளமும் ஆய்வகச் செலவும்தான் இந்தத் திட்டத்தின் உயிர். நம் அறக்கட்டளைக் கூட்டங்களில் முதலில் வெட்டப்படுவதும் இதே செலவு. "நிர்வாகச் செலவுக்கு ஒரு பைசா போகக்கூடாது, முழுத் தொகையும் பயனாளிக்கே சேர வேண்டும்" என்று பெருமையோடு சொல்லும் கொடையாளர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய நேர்மையை மதிக்கிறேன். அவர்களுடைய கணக்கு எனக்கு உடன்பாடில்லை. சம்பளம் வாங்கும் ஒரு நல்ல களப்பணியாளர் இல்லாமல் எந்தப் பயனாளியும் சரியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. செங்கல்லுக்கும் கணினிக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அவற்றை நடத்தும் மனிதருக்கு அரைவயிற்றுக் கூலி கொடுப்பது அறமாகாது. நீங்கள் கொடுக்கும்போது சம்பளத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். அதுவும் ஓராண்டுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று உறுதி சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஏப்ரலில் வேலை இருக்குமா என்ற கவலையோடு உழைப்பவரால் ஊரின் நம்பிக்கையைப் பெற முடியாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976-இல் பதினோரு படுக்கைகளுடன் தொடங்கினார். பணம் கட்டக்கூடியவர் கட்டுவதில் மிஞ்சுவது, கட்ட இயலாதவரின் சிகிச்சைக்குப் போகும். 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, நூறு டாலருக்கு மேல் விற்ற கண்ணுக்குள் வைக்கும் லென்சைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இவை எல்லாம் புகழ்பெற்ற செய்திகள். என்னை அதிகம் கவர்ந்தது அதிகம் பேசப்படாத வேறொன்று.

அறுவைச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் பார்வை மங்கிய கிராமத்தார் பலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தார்கள். பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் அன்றைய கூலி, சாப்பாடு என்று ஏழைக்கு இலவசமும் செலவு வைத்தது. ஆகவே முகாமிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துவந்து, உணவு கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடும் சிகிச்சையோடு சேர்ந்தது. முகாம்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. அப்படியிருந்தும், 1990-களின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடந்த ஊர்களில் கண் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டியது. நிரம்பி வழிந்த கூட்டத்தைப் பார்த்து மனநிறைவு அடைந்திருக்க வேண்டிய இடத்தில், வீட்டிலேயே இருந்துவிட்ட தொண்ணூற்று மூன்று பேரைக் குறித்து அவர்கள் சிந்தித்தார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வந்து போகும் முகாமுக்குப் பதிலாக, நிரந்தரமாகத் திறந்திருக்கும் சிறு கண் பரிசோதனை மையங்களைக் கிராமங்களுக்கு அருகிலேயே நிறுவி, மருத்துவரோடு கணினி வழியே இணைத்தார்கள். வந்தவர்களை எண்ணுவது யாருக்கும் எளிது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று எண்ணத் தொடங்கும் நாளில் உங்கள் கொடை முதிர்ச்சி அடைகிறது. நீங்கள் உதவும் எந்த அமைப்பிடமும் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.

தனி மனிதரின் செல்வம் எவ்வளவு பெரியதானாலும் ஒரு நாட்டின் தேவைக்கு முன் அது சிறியது. இதை நன்கு உணர்ந்தவர் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனத்தை வளர்த்த ஜூலியஸ் ரோசன்வால்ட். தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி என்ற பெயரில் ஒழுகும் கொட்டகைகளே இருந்த காலம். 1912-இல் தம் ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி டஸ்கிகீ கல்வி நிலையத்துக்கு நிதி கொடுத்தார். அதில் மீந்த சிறு தொகையில் ஆறு கிராமப் பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று அந்நிலையத்தின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் கேட்டார். ஆறு பள்ளிகளில் தொடங்கியது, 1932-க்குள் பதினைந்து மாநிலங்களில் ஐயாயிரம் அளவுக்குப் பள்ளிகளாக வளர்ந்தது. ரோசன்வால்ட் ஒரு பகுதியையே கொடுத்தார். ஊர்மக்களும் தங்கள் பங்கைத் திரட்ட வேண்டும், அரசுக் கல்வித் துறையும் பணம் போட்டுப் பள்ளியை ஏற்க வேண்டும் என்பது அவர் விதி. நிலமும் மரமும் உடலுழைப்பும் காசுமாக அந்த ஏழை மக்கள் கொடுத்தது ரோசன்வால்ட் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதல். அரசிடமிருந்து வந்தது அதைவிடப் பன்மடங்கு.

இந்த வழியில் ஒரு நெருடல் இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வரி கட்டியும் பள்ளி கிடைக்காத மக்கள், பள்ளிக்காக இரண்டாம் முறையும் கொடுக்க நேர்ந்தது. ஏழையின் பங்கைக் கேட்கும்போது அவனுடைய சட்டைப்பையின் ஆழம் தெரிந்து கேளுங்கள். ஆனாலும் தானும் பங்கு கொண்டதை ஊர் காப்பாற்றும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நம் மாநிலத்திலேயே, காமராசர் ஆட்சியில் கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கிராமத்தார் மேசையும் நாற்காலியும் கடிகாரமும் நிலமும் கொண்டுவந்து தங்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். மதிய உணவும் அப்படித்தான் வேர்விட்டது. ஊரார் பிடி அரிசி கொடுத்துத் தொடங்கியதை அரசு தாங்கிக்கொள்ள, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைப் பெருந்திட்டமாக்கினார். உங்கள் பணத்தால் ஒரு வழி சரிதானா என்று சோதித்துப் பாருங்கள். சரியென்றால் அரசு அதை ஏற்கும்வரை அதிகாரிகளிடம் சலிக்காமல் நடங்கள். அந்த நடைக்கும் பணம் ஆகும், ஆண்டுகளும் ஆகும்.

எப்போது கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பச்சையப்ப முதலியார் 1794-இல் மறைந்தபோது, தம் செல்வத்தைத் தர்மத்துக்கென உயில் எழுதிவைத்துப் போனார். பணத்தைக் கையாண்டவர்களின் சச்சரவுகளிலும் நீதிமன்ற வழக்குகளிலும் அது சிக்கிக்கொண்டது. அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறந்தது 1842-இல்தான். இடையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் படிக்காமலே வளர்ந்துவிட்டார்கள். காரைக்குடி அழகப்பச் செட்டியாரோ உயிரோடிருக்கும்போதே கொடுத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தம் ஊருக்கு வர முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். பெண்களுக்குக் கல்லூரி வேண்டுமென்று தாம் குடியிருந்த மாளிகையையே கொடுத்தார். 1957-இல் நாற்பத்தேழு வயதில் மறைந்தபோது, தாம் நட்டவை வளர்வதைக் கண்ணால் கண்டிருந்தார். உயில் எழுதுங்கள், அது கடமை. ஆனால் கண்ணும் காலும் உங்களோடு இருக்கும்போதே கொடுங்கள். திரும்பிப் போய்ப் பார்க்கும் வேலையை உயிலால் செய்ய முடியாது.

நிறுவனம் நடத்துவோருக்குத் தனியாக ஒரு சொல். 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் மார்ச் மாதத்தில் எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை நீங்கள் கேட்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் இவ்வளவு செலவாகியாக வேண்டும், உடனே எதையாவது சொல்லுங்கள் என்பார்கள். அவசரத்தில் சைக்கிளும் புத்தகப்பையும் வாங்கிவிடலாம். பேச்சு வராத ஒரு குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கவோ, வற்றிய கண்மாயை மீட்கவோ, குடிநோயிலிருந்து ஒரு குடும்பத்தை வெளியே கொண்டுவரவோ மார்ச் மாதம் போதாது. ஏப்ரலிலேயே உட்கார்ந்து திட்டமிடுங்கள்.

கடைசியாக, நிறுத்துவதைப் பற்றி. எந்தக் கொடையும் ஒரு நாள் முடியும். ரோசன்வால்ட் தம் நிதி தாம் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் செலவழிந்துவிட வேண்டும் என்று எழுதிவைத்தார். அவர் 1932-இல் மறைந்தார், நிதி 1948-இல் முடிவடைந்தது. அது முடியப்போவது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. நான் அறிந்த ஒரு கிராமத்து மாலைப் பள்ளிக்கு உதவிவந்த கொடையாளர், பள்ளியாண்டின் நடுவில், டிசம்பர் மாதத்தில் ஒரு கடிதம் அனுப்பி நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தொழிலில் நெருக்கடி இருந்திருக்கலாம். அங்கே பாடம் நடத்திய பெண், பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை சம்பளமின்றி வந்தார். பிறகு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆறு மாதம் முன்னதாகச் சொல்லியிருந்தால், பக்கத்து ஊர் மையத்தோடு அந்தப் பள்ளியைச் சேர்த்திருக்கலாம், அவரையும் அங்கேயே பணியில் அமர்த்தியிருக்கலாம். ஆகவே உதவத் தொடங்கும் கடிதத்திலேயே எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். முடியும் ஆண்டுக்கு ஓராண்டு முன்பே நேரில் போய், அடுத்து யார் பொறுப்பேற்பது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வேறு யாரும் இல்லையென்றால், முடிந்தால் இன்னும் ஓராண்டு தாங்கிக்கொள்ளுங்கள்.